பிரிக்காத மடல்கள்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழா முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரம். மண்டபத்தின் வாயிலில் இளைஞர் ஒருவர் என்னை வணங்கி நின்றார். பெங்களூரில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுபவர். வாரக் கடைசியில் மைசூரிலுள்ள பெற்றோரைக் காண வந்து போகிறவர். மாதம் இருமுறை தமிழில் ஒரு மின்மடல் எழுதி அனுப்பி வருவதாகச் சொன்னார். எட்டு மாதங்களாகியும் வாசகர் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை என்பது அவருடைய கவலை.

"ஐயா, நீங்கள் அந்தக் காலத்தில் முந்நூறு சந்தாதாரர்களோடு ஓர் இதழ் நடத்தியதாக அப்பா சொன்னார். வாசகரை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டும்" என்றார்.

முந்நூறு என்ற எண்ணைக் கேட்டதும் என் நெஞ்சு ஒரு கணம் குன்றியது. ஏதோ இரண்டு பொது வார்த்தை சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த எண் என்னை விடாமல் தொடர்ந்தது. அதன் பின்னே நிற்கும் உண்மையை நான் எவரிடமும் சொன்னதில்லை. சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, அந்த இளைஞருக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மெழுகுத் தாளும் முந்நூறு பெயரும்

நான் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அலுவல் நிமித்தமாக மைசூருக்கு வந்தது 1976ஆம் ஆண்டில். வந்த புதிதில் என்னை வாட்டியது தனிமையன்று. படிக்கத் தமிழ் கிடைக்காத பசிதான். சென்னையிலிருந்து வரும் வார இதழ்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் எங்கள் தெரு இல்லை. எங்கள் வாழ்வு இல்லை. காவிரி இரண்டு நாட்டிற்கும் பொதுவாக ஓடுகிறது. எங்கள் கதையோ எந்தக் கரையிலும் எழுதப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் முற்றி, 1983ஆம் ஆண்டு தை மாதத்தில் எட்டுப் பக்க மாத மடல் ஒன்றைத் தொடங்கினேன்.

அச்சுக்கூடம் செல்லக் கையில் பொருள் இல்லை. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளின்மேல் எஃகு முனை எழுத்தாணியால் நானே எழுதுவேன். எழுத்துப் பிழை நேர்ந்தால் செந்நிறத் திரவம் ஒன்றைத் தடவி, அது உலரும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் சைக்ளோஸ்டைல் பொறியில் ஏற்றிப் படியெடுப்பேன். நள்ளிரவில் மை படிந்த கையோடு நானும் என் மனைவியும் தாள்களை அடுக்கி, பழுப்புநிறத் தாளைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, தலைப்பில் 'புக் போஸ்ட்' என்று எழுதி, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பசையின் மணம்தான்.

வாசகரைச் சேர்க்க நான் கையாண்ட வழி மிக எளியது. தமிழர் கூடும் இடமெல்லாம் சந்தாப் புத்தகத்தோடு போய் நின்றேன். திருமணப் பந்தியில், சங்கத்துக் கூட்டத்தில், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் நடுவில், ஏன், பிள்ளையின் காதுகுத்து விழாவில்கூட! "தமிழராய்ப் பிறந்துவிட்டு ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் தமிழுக்குத் தரக்கூடாதா?" என்று கேட்பேன். நாலு பேர் எதிரில் அப்படிக் கேட்டால் எவர்தாம் மறுப்பார்? சட்டைப் பையில் கை போகும். புத்தகத்தில் பெயர் ஏறும். மூன்றாம் ஆண்டு முடிவில் என் ஏட்டில் 312 பெயர்கள் இருந்தன. அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் சற்று உயர்ந்தே ஒலித்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அலமாரியின்மேல் இருந்த கட்டு

என் முதல் சந்தாதாரர் ஒரு பெரியவர். நூற்பாலையில் பணியாற்றி ஓய்வு பெறும் நிலையில் இருந்தார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே வடஆர்க்காட்டிலிருந்து குடும்பம் இங்கே குடியேறிவிட்டது. அவர் பிறந்தது, வளர்ந்தது, பள்ளியில் பயின்றது எல்லாம் மைசூரில். வீட்டில் பேசுவது தமிழ். சங்கத்தில் எந்த விழா நடந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுவதற்கு முதல் ஆளாக வருவார். ஆண்டுதோறும் நான் கேட்பதற்கு முன்பே பன்னிரண்டு ரூபாயை எடுத்து நீட்டுவார். ரசீதுப் புத்தகத்தில் கன்னட எழுத்தில் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்தை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

1986ஆம் ஆண்டு சித்திரையில் அவர் மாரடைப்பால் காலமானார். பத்தாம் நாள் காரியத்திற்குப் பிறகு ஒரு மாலையில் துக்கம் கேட்கச் சென்றேன். அவருடைய துணைவியார் உள்ளே போய், ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"தம்பி, இவை எல்லாம் உங்கள் புத்தகங்கள். வேறு யாருக்காவது பயன்படும் என்றால் எடுத்துச் செல்லுங்கள். அவர் ஒன்றைக்கூடக் கசங்க விட்டதில்லை" என்றார்.

கட்டை அவிழ்த்தேன். முப்பத்தொன்பது மடல்கள். நான் சுற்றிய பழுப்புத்தாள் பட்டை சுற்றியபடியே, நான் ஒட்டிய தபால்தலை ஒட்டியபடியே, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. மாதவாரியாக அடுக்கி, நடுவே நூலால் கட்டியிருந்தார்.

நான் பேச்சற்று இருந்ததைக் கண்டு அந்த அம்மையார் தாமே சொன்னார்: "தவறாக நினைக்காதீர்கள், தம்பி. அவருக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கும் அவ்வளவுதான். பிள்ளைகளும் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். உங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். சங்கத்தில் எல்லாரும் தமிழ் தமிழ் என்று பேசுகிற இடத்தில் எனக்கு எழுத்தே தெரியாது என்று எப்படிச் சொல்வது என்பார்."

கட்டின் அடியில் மேலும் ஒரு மடல் இருந்தது. அது முதல் இதழ். அதுமட்டும் பிரிக்கப்பட்டிருந்தது. முதற்பக்கம் பலமுறை விரல் பட்டு நைந்திருந்தது. நான் எழுதியிருந்த ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் தலைமேலும் பென்சிலால் நுணுக்கமாகக் கன்னட எழுத்தில் அதே சொல் எழுதப்பட்டிருந்தது. யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். பதினொரு வரி வரையில் அப்படிப் போயிருந்தது. பன்னிரண்டாம் வரியின் நடுவில் பென்சில் நின்றுவிட்டது.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மூன்றாண்டுக்கு மேல் அந்த மனிதரிடம் பணம் வாங்கினேன், நன்றி சொன்னேன், 'வாசகர்' என்று ஏட்டில் எழுதினேன். 'உங்களால் இதைப் படிக்க முடிகிறதா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அவரைப் போல இன்னும் எத்தனை பேர் அந்த 312இல் இருந்தார்களோ! நான் சேர்த்தது வாசகரையன்று. கூச்சத்தையும் தாட்சணியத்தையும் கடமையுணர்வையும் ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம் வசூல் செய்திருக்கிறேன். அடுத்த மாதம் நாற்பத்தோராம் இதழை அனுப்பினேன். அதுவே கடைசி இதழாயிற்று. தாள் விலை ஏறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை.

இந்நகரம் கண்ட இரு முயற்சிகள்

தோற்றவனுக்குப் பிறர் கதைகளில் நாட்டம் மிகும் போலும். வாசகரைத் தேடிய எழுத்தாளர்களின் வரலாற்றைப் பிறகு நான் ஆவலோடு படித்தேன். தொலைவில் போக வேண்டியிருக்கவில்லை. மைசூரிலேயே இரண்டு பாடங்கள் கிடைத்தன.

முதலாவது ஆர். கே. நாராயண் அவர்களின் கதை. சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய இத்தமிழர், 1940களின் தொடக்கத்தில் 'இந்தியன் தாட்' என்ற பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார். மோட்டார் கார் விற்பனையில் இருந்த அவருடைய மாமா ஒருவர் துணைநிற்க, சென்னை நகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் சேர்ந்தனர். சிற்றிதழ் நடத்திய எவரும் பொறாமைப்படும் எண் அது. ஆயினும் இதழ் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. சேர்ப்பது ஒரு கலை. சேர்ந்தவர்க்குக் காலந்தவறாமல் இதழைக் கொண்டுசேர்ப்பது வேறொரு கலை. முன்னது மாமாவுக்குக் கைவந்தது. பின்னதன் சுமையைத் தம்மால் தாங்க முடியவில்லை என்பதை நாராயண் உணர்ந்தார். ஆனால் அம்முயற்சி வீணாகவில்லை. 1942இல் அதே பெயரில் அவர் இந்நகரில் தொடங்கிய பதிப்பகம் அவருடைய நூல்களைப் பல்லாண்டுகள் வெளியிட்டது. சிறு வார இதழ் ஒன்றின் ஆசிரியரும் அதன் அச்சுக்கூடத்தாரும் படும் பாட்டை வைத்து அவர் எழுதிய 'மிஸ்டர் சம்பத்' நாவல் 1949இல் வந்தது. அதனை நான் நகைத்துக்கொண்டேதான் படித்தேன். இடையிடையே கண் கலங்கியதற்குக் காரணம் எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது பாடம் இராமச்சந்திர அக்ரஹாரத்தில் இருந்தது. பண்டிதர் வரதராஜ ஐயங்கார் 1970 ஜூலை மாதத்தில் 'சுதர்மா' என்னும் சமஸ்கிருத நாளிதழை அங்கே தொடங்கினார். வழக்கில் பேசுவோர் அருகிய மொழியில் ஒரு நாளிதழா என்று வியக்கத் தோன்றும். அவ்விதழ் கடைவீதியை நம்பவில்லை, தபாலை நம்பியது. ஒரே ஊரில் ஆயிரம் பேரைத் தேட வேண்டியதில்லை, ஆயிரம் ஊர்களில் ஊருக்கு ஒருவரைத் தேடினால் போதும் என்பதே அம்முறையின் நுட்பம். எளிய நடை, சிறிய தாள், குறைந்த சந்தா, தவறாத நாள் என்பனவற்றைக் கொண்டே அது நின்றது. தந்தைக்குப் பின் அவர் மகன் சம்பத்குமாரும் மருமகள் ஜெயலட்சுமியும் அதனைத் தாங்கினர். 2009இல் இணையத்திலும் ஏற்றினர். 2020இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சம்பத்குமார் மறைந்தார். ஆயிரம் பேர் சேர்ந்தும் நின்றது ஓர் இதழ். நாள்தோறும் தபால் பெட்டிக்குள் விழுந்தே வாழ்ந்தது மற்றோர் இதழ். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைத்தான் வாசகர் உறவு என்கிறேன்.

தமிழிலும் கன்னடத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். புத்தகம் வருவதற்கு முன்பே அதற்காகக் காத்திருந்தோர் இருந்தனர் என்பது இதன் பொருள். 'எழுத்து' இதழை 1959 முதல் 1970 வரை நடத்திய சி. சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றார். கன்னட நாவலுக்கு வழிவகுத்த களகநாதரும் தம் நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராக விற்றவர். இவர்களைச் சந்தையறியாத பித்தர் என்று சிரிப்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூட்டையோடு வாயிலில் நிற்பவன் வாங்குபவரின் முகத்தைப் பார்க்கிறான். அவர் புரட்டிப் பார்க்கிறாரா, வாங்கி அப்படியே வைத்துவிடுகிறாரா என்று அவனுக்குத் தெரிகிறது. நானும் முகங்களைப் பார்த்தேன். ஆனால் அவர்கள் கை சட்டைப் பைக்குப் போகிறதா என்று மட்டுமே பார்த்தேன்.

மீண்டும் ஒரு தொடக்கம்

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலம். வீட்டைவிட்டு வெளியேற வழியில்லை. பரணைத் துப்புரவு செய்தபோது பழைய சந்தா ஏடு கைக்குக் கிடைத்தது. 312 பெயர்கள். பாதிப்பேர் மறைந்திருந்தனர், பலர் ஊர் மாறியிருந்தனர். விசாரித்து விசாரித்துத் தொலைபேசி எண் கிடைத்தவை பதினேழு குடும்பங்கள். அவற்றுள் ஒன்று அந்தப் பெரியவர் குடும்பம். அவருடைய துணைவியாரும் காலமாகிவிட்டார், மகள் பேசினார்.

மடலை மின்னஞ்சல் வழியே மீண்டும் தொடங்க எண்ணியிருப்பதாகச் சொன்னேன். இந்த முறை ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டேன். 'அனுப்பட்டுமா?' என்பது ஒன்று. 'தமிழ் எழுத்தைப் படிக்க வருமா, அல்லது வேறு எப்படி வந்தால் உங்களுக்கு எளிது?' என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு அந்த அம்மையார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "படிக்க வராது அண்ணா. யாராவது படித்தால் கேட்பேன்" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தந்தையாரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு மகளிடமிருந்து விடை வந்தது.

அன்று முதல் என் மடல் மூன்று உருவில் போகிறது. தமிழ் எழுத்தில் ஒன்று. என் குரலில் பதிவு செய்தது ஒன்று. தமிழை அப்படியே கன்னட எழுத்தில் பெயர்த்தது ஒன்று. கடைசியாகச் சொன்னது சிலருக்கு உவப்பாயிராது என அறிவேன். ஆனால் இந்நாட்டு வைணவக் குடும்பங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைக் கன்னட எழுத்தில் அச்சிட்டு ஓதி வருவதை நாம் அறிவோம். எழுத்து வேறானாலும் நாவில் நிற்பது தமிழ்தானே! ஏணி எம்மரத்தாலானது என்று மாடி ஏறுபவன் கேட்பதில்லை. பென்சிலால் பதினொரு வரி எழுதிய அந்தப் பெரியவர் எனக்கு அந்த ஏணியை எப்போதோ காட்டிவிட்டார். எனக்குத்தான் கண் திறக்க நாளாயிற்று.

பதினேழு பெயரில் தொடங்கிய மடல் இன்று 186 பேருக்குப் போகிறது. பழைய 312ஐ இது இன்னும் எட்டவில்லை. எட்டாவிட்டாலும் குறையில்லை.

இளைஞருக்குச் சொல்ல விட்டவை

இனி அந்த இளைஞருக்கு வருகிறேன். தம்பி, நான் பட்டறிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், வேண்டியதைக் கொள்க.

முதலாவது, பெயரைப் பெறாதே, இசைவைப் பெறு. விழாவில் எடுத்த முகவரிப் பட்டியல், அலுவலகத்தாரின் மின்னஞ்சல், உறவினர் குழுவின் எண்கள் எல்லாம் உன் வாசகர் ஆகிவிடா. கேட்காமல் வரும் மடல் வேண்டாத விருந்தாளி. வேண்டாம் என்பவர் எளிதில் விலகிக்கொள்ளும் வழியையும் ஒவ்வொரு மடலின் அடியிலும் திறந்து வை. கதவு திறந்திருக்கும் வீட்டில்தான் விருந்தினர் அச்சமின்றி அமர்வர்.

இரண்டாவது, மடல் எதைப் பற்றியது, யாருக்காக, எந்நாளில் வரும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகு. 'பல்சுவை மடல்' என்றால் எவருக்கும் ஒன்றும் தோன்றாது. 'மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பழங்கதை, மாதத்தின் முதல் ஞாயிறு' என்றால், கேட்பவர் தம் பாட்டியை நினைப்பார். சொன்ன நாளில் மடல் போய்ச் சேர வேண்டும். இருமுறை எழுத இயலாவிட்டால் ஒருமுறை எழுது. நாளை மட்டும் தவறவிடாதே.

மூன்றாவது, மாதிரிப் பிரதி. அக்காலத்துச் சிற்றிதழ்கள் கேட்டவர்க்கெல்லாம் மாதிரி இதழை இலவசமாக அனுப்பின. நீயும் உன் மடல்களுள் மிகச் சிறந்த ஒன்றை எவரும் படிக்குமாறு முழுமையாகத் திறந்து வை. அறிமுகம் இல்லாதவர்க்கு அதனையே காட்டு. 'என் மடலில் சேருங்கள்' என்று பத்து முறை சொல்வதைவிட, ஒருமுறை நல்ல மடலைப் படிக்கத் தருவது மேல்.

நான்காவது, மாற்றுப் பிரதி. இதழாசிரியர்கள் தம் இதழை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்வர். 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பில் பிறர் இதழைத் தம் வாசகர்க்கு அறிமுகம் செய்வர். அப்பண்பை விட்டுவிடாதே. உன்னைப் போல் எழுதும் நால்வரைத் தேடிப் படி. உனக்கு உண்மையிலேயே பிடித்ததை உன் வாசகர்க்குச் சொல். அவர்களும் உன்னைச் சொல்வர். என் 186 பேரில் பெரும்பாலோர் நான் அழைத்து வந்தவரல்லர். ஒரு வாசகர் மற்றொருவரிடம் சொல்லி வந்தவர். மடலின் முடிவில் 'இது யாருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறதோ அந்த ஒருவருக்கு அனுப்புங்கள்' என்று எழுதுவேன். 'எல்லாருக்கும் பகிருங்கள்' என்றால் எவரும் பகிர்வதில்லை. 'ஒருவர்' என்றால் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது.

ஐந்தாவது, பட்டியல் உன்னுடையதாக இருக்கட்டும். மடல் அனுப்பித் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் முகவரிகளின் படியொன்றை உன்னிடம் வைத்துக்கொள். கடை மூடினாலும் உறவு மூடாது. வாட்ஸாப்பில் ஒலிபரப்புப் பட்டியல் வைத்தால் ஒன்றை அறிந்துகொள்: உன் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. இதனைக் குறையென்று சிலர் கருதுவர். எனக்கோ அது ஒரு நல்ல சட்டமாகவே படுகிறது. வாசகரும் நம் பெயரைத் தம் ஏட்டில் எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு பொறி வற்புறுத்துகிறதே!

ஆறாவதாக ஒன்று, இதனை மனத்தில் ஆழப் பதித்துக்கொள். எத்தனை பேர் மடலைத் 'திறந்தனர்' என்று நிறுவனம் உனக்கு ஓர் எண் காட்டும். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது எங்கெங்கே இறக்கம் ஆயிற்று என்று எண்ணிச் சொல்வதுதான் அது. 2021 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சல் செயலி, தனிமறைவைக் காக்கும் வசதியை ஏற்றவர்க்கு, அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அப்படத்தைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஆகவே பிரிக்கப்படாத மடலும் பிரிக்கப்பட்டதாகவே கணக்கில் ஏறும். என் 312உம் அப்படிப்பட்ட எண்தான். எண்ணைப் பார்த்து மகிழாதே. பதில் வருகிறதா என்று பார். பதில் எழுதுபவர்க்கு அன்றே மறுமொழி எழுது. நாற்பது பேரில் நால்வர் பதில் எழுதினால், என் முந்நூறை விடவும் நீ செல்வன்.

வந்து சேர்ந்த ஒரு பிழைதிருத்தம்

சென்ற ஆண்டு அந்தப் பெரியவரைப் பற்றி, அவர் மகளின் இசைவு பெற்று, ஒரு மடல் எழுதினேன். நஞ்சுமளிகையிலிருந்து மிதிவண்டியில் மணி அடித்துக்கொண்டு சங்கத்திற்கு வருவார் என்று அதில் ஓர் இடம். எழுதும்போது அக்காட்சி என் கண்முன் நின்றது, மணியோசைகூடக் கேட்டது.

நான்காம் நாள் ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெரியவரின் பேத்தி. நான் குரலில் அனுப்பியதை அவருடைய தாயார் சமையலறையில் வைத்து இருமுறை கேட்டிருக்கிறார். பேத்தி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். கற்றுக்கொண்டு ஓராண்டு ஆகிறதாம். ஒற்றுப்பிழைகள் இருந்தன, நான் அவற்றைத் திருத்தவில்லை.

"தாத்தா, உங்கள் மடலில் ஒரு தவறு இருக்கிறது. என் தாத்தாவுக்கு சைக்கிள் விட தெரியாது என்று அம்மா சொல்கிறார். அவர் எப்போதும் நடந்துதான் வருவாராம். அடுத்த மடலில் மாற்றி எழுதுங்கள்."

அவர் நடந்து வந்ததைக்கூட நான் அறியவில்லை. மூன்றாண்டுக்கு மேல் பழகியும் அவருடைய எழுத்தையும் அறியவில்லை, நடையையும் அறியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் அவ்வெட்கத்தின் ஊடே ஒரு மகிழ்ச்சி எழுந்ததையும் மறைக்க மாட்டேன். வரிவரியாகக் கேட்டவரால்தான் வரியில் உள்ள தவற்றைச் சொல்ல முடியும். என் மடல் அந்த வீட்டில் பிரிக்கப்பட்டுவிட்டது.

அடுத்த மடலின் முதல் வரியிலேயே திருத்தத்தை வெளியிட்டேன்.

வெளிநாட்டிலும் வேற்று மாநிலத்திலும் வாழ்ந்துகொண்டு, தமிழில் ஏதேனும் எழுதிப் பிறர்க்கு அனுப்பும் அன்பர்கள் இம்மலரைப் படிப்போரில் பலர் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒன்று வேண்டுவேன். இன்றிரவு உங்கள் பட்டியலை எடுத்து, நெடுநாளாகப் பதில் எழுதாத ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். 'நான் எழுதுவது உங்களுக்கு எப்படி வந்தால் எளிது?' என்று கேளுங்கள். அவர் தயங்கினால் காத்திருங்கள். அந்தத் தயக்கத்திற்குப் பின்னால் பன்னிரண்டாம் வரியில் நின்றுபோன ஒரு பென்சில் இருக்கக்கூடும்.